‘விண்டேஜ்’ பாணி ஆண்கள் உடை: எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது?

என் அலமாரியில் ஒரு பிளேஸர் இருக்கிறது. அண்ணன் கல்யாணத்துக்காக வாங்கியது. ‘1960-களின் கிளாசிக் கட்’ என்று லேபிள் சொன்னது. அப்போதைய என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. மூன்றாவது முறை டிரை க்ளீனிங் போய் வந்தபோது நெஞ்சுப் பகுதியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அயர்ன் பண்ணிப் பார்த்தேன், ஆவி காட்டிப் பார்த்தேன், போகவில்லை. கடையில் கேட்டால், ‘துணி நல்லாத்தானே சார் இருக்கு’ என்றார்கள். துணி நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த பசை விட்டுவிட்டது.

அதே அலமாரியில் அப்பாவின் கல்யாணக் கோட்டும் தொங்குகிறது. தெருமுனை டெய்லர் தைத்தது. நெஞ்சுப் பகுதி இன்னும் விறைப்பாக நிற்கிறது.

இதை வைத்து ‘அந்தக் காலத்துத் துணியே துணி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அது தப்பான முடிவு. அந்தக் காலத்தில் தைத்து, இரண்டே வருஷத்தில் கிழிந்து, கரித்துணியாகிப் போன கோட்டுகள் நம் கண்ணில் படுவதில்லை. தப்பிப் பிழைத்ததை மட்டும் பார்த்து மொத்தத்தையும் எடை போடுகிறோம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, பழைய ஸ்டைலா என்பது இல்லை. பழைய செய்முறையா என்பதுதான்.

ஹை-வெய்ஸ்ட் பேன்ட், செல்வெட்ஜ் ஜீன்ஸ், மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை, தோல் பூட்ஸ் என்று விண்டேஜ் பாணிக்கு இப்போது நல்ல கிராக்கி. விலையும் அப்படியே. அந்த விலையில் எவ்வளவு தரத்துக்கு, எவ்வளவு தோற்றத்துக்கு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விண்டேஜ் என்பதும் விண்டேஜ் பாணி என்பதும் ஒன்றா?

இல்லை. விண்டேஜ் என்றால் உண்மையிலேயே பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரான பழைய உடை. இந்தியாவில் பயன்படுத்திய துணிகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருக்கிறது, உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய துணியில் பெரும் பகுதி, ஹரியானாவின் பானிபட் போன்ற இடங்களில் நூலாகப் பிரிக்கப்பட்டுப் போர்வையாகவும் மற்றதாகவும் மாறுகிறது. அதனால் நல்ல நிலையில் அசல் விண்டேஜ் கிடைப்பது இங்கே அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

விண்டேஜ் பாணி என்பது இன்று புதிதாகத் தயாராகும் உடை. இதிலும் இரண்டு வகை. ஒன்று, பழைய வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வழக்கமான வேகத் தயாரிப்பில் செய்வது. இன்னொன்று, பழைய தறி, பழைய தையல் முறை, பழைய பொருட்களோடு செய்வது. கண்ணாடி முன் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். கூடுதல் விலை இரண்டாவது வகைக்குத்தான் நியாயம்.

விலையில் வரி எவ்வளவு?

இதை முதலில் தெரிந்துகொண்டால் பட்ஜெட் போடுவது சுலபம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. ஒரு உடையின் விற்பனை மதிப்பு ரூ.2,500 வரை இருந்தால் வரி 5%. அதைத் தாண்டினால் 18%. அதற்கு முன் ரூ.1,000-க்கு மேற்பட்ட எல்லா உடைக்கும் 12% இருந்தது.

இந்தக் கோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. வரிக்கு முன் ரூ.2,500 மதிப்புள்ள சட்டை, வரியோடு ரூ.2,625. ஒரே ஒரு ரூபாய் கூடி ரூ.2,501 ஆனால், வரியோடு சுமார் ரூ.2,951. ஒரு ரூபாய்க்கு 326 ரூபாய் வித்தியாசம். அதாவது ரூ.3,000-ஐ ஒட்டி விலை போட்டிருக்கும் சட்டைக்கு நீங்கள் தரும் கூடுதல் பணம் நெசவாளருக்கோ டெய்லருக்கோ போவதில்லை, வரிக்குப் போகிறது. பில்லில் ஒருமுறை பாருங்கள்.

காலணிக்கும் இதே எல்லைதான்: ஒரு ஜோடி ரூ.2,500 வரை 5%, மேலே 18%. துணியை மீட்டர் கணக்கில் வாங்கினால் 5%தான். நல்ல டெய்லரைத் தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் சாதகம்.

ஜீன்ஸ்: ‘செல்வெட்ஜ்’ என்றால் தரமா?

வேட்டிக்குக் கரை இருக்கிறதல்லவா, அதே கதைதான். பழைய தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, ஊடை நூலைத் திருப்பிக் கொண்டுவரும். அதனால் துணியின் இரு ஓரமும் தானாகவே முடிந்து, பிரியாமல் நிற்கும். இந்த ஓரத்துக்குத்தான் செல்வெட்ஜ் என்று பெயர். பேன்ட் காலை மடித்தால் உள்ளே தெரியும் அந்தக் கோடு இதுதான்.

நாடாத் தறியில் துணியின் அகலம் குறைவு. சுமார் 30 அங்குலம். நாடா இல்லாத நவீனத் தறியில் அகலம் ஏறக்குறைய இரு மடங்கு, வேகமும் பல மடங்கு. அதனால்தான் செல்வெட்ஜ் விலை கூடுகிறது. ஜீன்ஸின் தாயகமான அமெரிக்காவிலேயே, செல்வெட்ஜ் துணிக்குப் பேர்போன வடக்கு கரோலினாவின் ஒயிட் ஓக் ஆலை 2017 டிசம்பரோடு மூடப்பட்டது. இன்று ஜப்பானின் ஒகயாமா பகுதிக்குத்தான் பெரிய பெயர். இந்தியாவில் 1931இல் தொடங்கிய ஆமதாபாத் அர்விந்த் ஆலையும் செல்வெட்ஜ் டெனிம் நெய்கிறது.

ஆனால் கரை மட்டுமே தரம் இல்லை. மட்டமான பருத்தியையும் நாடாத் தறியில் நெய்ய முடியும். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, எடை. டெனிமின் எடையை ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 34 கிராம். 14 அவுன்ஸ் டெனிம் சுமார் 475 கிராம். இணையத்தில் புகழப்படும் 18, 20 அவுன்ஸ் ஜீன்ஸ் குளிர்நாட்டுக்குச் சரி. சென்னை, மும்பை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு போகிறவருக்கு 10 முதல் 12 அவுன்ஸே போதும்.

இரண்டாவது, சுருக்கம். ‘சான்ஃபரைஸ்டு’ என்று இருந்தால் ஆலையிலேயே சுருக்கி அனுப்பிய துணி. அப்படி இல்லை என்றால் முதல் சலவையில் 7 முதல் 10% வரை சுருங்கலாம். 32 அங்குல உட்காலில் அது 2 அங்குலத்துக்கும் மேல். கேட்காமல் வாங்கினால் கணுக்கால் தெரியும்.

மூன்றாவது, தையல். கவட்டைப் பகுதியும் பாக்கெட் மூலைகளும்தான் முதலில் போகும். பாக்கெட் மூலையில் செப்பு ரிவெட் அடிக்கும் யோசனைக்கு லீவை ஸ்ட்ராஸும் டெய்லர் ஜேக்கப் டேவிஸும் 1873இல் காப்புரிமை வாங்கியதே, உழைப்பாளிகளின் பாக்கெட் கிழிந்துகொண்டே இருந்ததால்தான். பாக்கெட்டின் உள்துணி மெல்லியதாக இருந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம், வைத்துவிடலாம்.

‘ரா டெனிமை ஆறு மாசம் துவைக்கவே கூடாது’ என்று ஒரு ஐதீகம் உண்டு. நம் வியர்வைக்கு அது ஆகாது. உப்பும் அழுக்கும் நூலைத்தான் அரிக்கும். உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போட்டாலே போதும்.

சட்டை: மெட்ராஸ் கட்டத்தின் கதை என்ன?

விண்டேஜ் சட்டைப் பட்டியல் எதை எடுத்தாலும் ‘மெட்ராஸ்’ இருக்கும். 1950-களின் இறுதியிலும் 60-களிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் அடையாளமாகவே இருந்தது இந்தத் துணி. அதில் ஒரு பெரிய விபத்தும் உண்டு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர் இதே கிருஷ்ணன் நாயர்தான். குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று அவர் சொன்னது, துணியை வாங்கிய ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. வாஷிங் மெஷினில் போட்டதும் சாயம் ஓடியது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். கடைசியில் ‘ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் அதிசயத் துணி’ என்று அதையே விளம்பரமாக்கி விற்றார்கள். குறையே ஃபேஷன் ஆன கதை.

இன்று ‘மெட்ராஸ்’ என்று விற்கும் பல சட்டைகள் விசைத்தறியில் நெய்தவை. சில வெறும் பிரிண்ட். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். நூலுக்குச் சாயம் போட்டு நெய்த துணியில் இரு பக்கமும் நிறம் ஒரே அழுத்தத்தில் இருக்கும். பிரிண்ட் என்றால் உள்பக்கம் வெளிறியிருக்கும். கைத்தறி என்று சொன்னால் 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கதர் என்றால் காதி மார்க். இரண்டும் ஒன்றில்லை: கைத்தறி என்பது கையால் நெய்தது, நூல் ஆலையில் நூற்றதாக இருக்கலாம். கதரில் நூலையும் கையால் நூற்றிருக்க வேண்டும்.

தையலுக்கு வந்தால், பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் மட்டும் அடித்து விட்டிருக்கிறதா, இல்லை இரு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துத் தைத்திருக்கிறதா? இரண்டாவதுதான் உழைக்கும். கட்டங்கள் பாக்கெட்டிலும் பட்டன் பட்டியிலும் நேர்கோட்டில் சேர வேண்டும். அப்படிச் சேர்க்கத் துணி கூடுதலாக வெட்டுப்படும். மிச்சம் பிடிக்கும் கடைக்காரர் அதைச் செய்ய மாட்டார். காஜாவில் நூல் பிசிறு இருந்தால், சின்ன விஷயத்திலேயே அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிப்பிப் பட்டனைத் தொட்டால் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் அப்படி இருக்காது.

கோட், பிளேஸர்: உள்ளே என்ன இருக்கிறது?

என் பணம் போன இடம் இது. கோட்டின் நெஞ்சுப் பகுதி தொய்யாமல் நிற்க, வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு அடுக்கு உண்டு. மலிவான முறையில், அந்த அடுக்கைச் சூடேற்றிப் பசையால் வெளித்துணியோடு ஒட்டிவிடுவார்கள். டிரை க்ளீனிங்கும் சூடும் சேரும்போது பசை விட்டுக் கொப்புளம் வரலாம். வந்தால் சரிசெய்ய வழியில்லை. பழைய முறையில், நூலும் மயிரும் கலந்து நெய்த கேன்வாஸைத் தைத்துச் சேர்ப்பார்கள். நெஞ்சுக்கு மட்டும் கேன்வாஸ் வைத்தால் அரை கேன்வாஸ். கீழ் ஓரம் வரை போனால் முழு கேன்வாஸ்.

கடையிலேயே சோதிக்கலாம். கடைசிப் பட்டனுக்குச் சற்று மேலே, வெளித்துணியையும் உள்துணியையும் இரு விரலால் தனித்தனியே கிள்ளி இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியாக மிதப்பது தெரிந்தால் கேன்வாஸ். இரண்டே அடுக்கு, வெளித்துணி விறைப்பாக இருந்தால் பசை. அரை கேன்வாஸ் என்றால் நெஞ்சருகே கிள்ளிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? 26 வயதில் வாங்குவதை 36 வயதில் போட வேண்டுமானால் இடுப்பைப் பிரித்து விட இடம் வேண்டும். அப்பா கோட்டை நான் போட முடிந்ததற்குக் காரணம் கேன்வாஸ் மட்டுமில்லை. அந்த டெய்லர் பின்தையலில் விட்டுவைத்த துணியும்தான்.

ஷூ: சோல் மாற்ற முடியுமா?

இந்த ஒரு கேள்வி போதும். பெரும்பாலான ஷூக்களில் சோல் பசையால் ஒட்டப்பட்டது. பாலியூரித்தேன் சோல் என்றால், போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலே ஈரப்பதத்தில் சில வருஷத்தில் மாவாக உதிரக்கூடும். ‘ஒரு தடவைதான் போட்டேன், சோல் பொடிப்பொடியாப் போச்சு’ என்று புலம்பும் நண்பர் உங்களுக்கும் இருப்பார்.

‘குட்இயர் வெல்ட்’ என்பது 19ஆம் நூற்றாண்டில் வந்த இயந்திரத் தையல் முறை. ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் வழங்குவது. மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தனியாகத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதுசு போடலாம். மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது.

கவனம்: ஒட்டிய சோலின் மேல் அழகுக்காக ஒரு தையல் பட்டையை வைத்துவிட்டு, பார்க்க வெல்ட் மாதிரியே விற்பவர்களும் உண்டு. கடையில், ‘சோல் மாத்தணும்னா நீங்களே செஞ்சு தருவீங்களா, எவ்வளவு ஆகும்?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த விலைக்கு அந்த ஷூ வேண்டாம்.

தோலிலும் லேபிளை நம்ப வேண்டாம். ‘ஜெனுவின் லெதர்’ என்பது தோல் என்று மட்டும்தான் சொல்கிறது. நல்ல தோல் என்று சொல்வதில்லை. மேல்பரப்பைத் தேய்த்து பிளாஸ்டிக் பூச்சு பூசிய தோல், வளையும் இடத்தில் வெடிக்கும். தேய்க்காத முழுத் தோலில் மெல்லிய சுருக்கம்தான் விழும். இந்தியாவில் ஆக்ரா, கான்பூர், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் தொழிலின் ஊர்கள் உலகத்துக்கே ஷூ அனுப்புகின்றன. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வெளிநாட்டுப் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை தர அவசியமில்லை.

கணக்குப் போட்டால் லாபமா?

‘விலை அதிகம்தான், ஆனா ஒரு தடவை போடற செலவைப் பார்த்தா மலிவு’ என்பது விற்பனையாளர்களின் வழக்கமான வாதம். போட்டுப் பார்த்தேன். கீழே இருப்பவை என் அனுமானங்கள். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

• ஒட்டிய ஷூ ரூ.3,500. வருஷத்துக்கு 100 நாள், 2 வருஷம். ஒரு நாளைக்கு ரூ.17.50.
• வெல்ட் ஷூ ரூ.14,000. தலா ரூ.3,000-க்கு 2 முறை சோல் மாற்றம். வருஷத்துக்கு 100 நாள், 8 வருஷம். ஒரு நாளைக்கு ரூ.25.
• பசை பிளேஸர் ரூ.6,000. வருஷத்துக்கு 10 முறை, 3 வருஷம். ஒரு முறைக்கு ரூ.200.
• அரை கேன்வாஸ் பிளேஸர் ரூ.16,000. வருஷத்துக்கு 10 முறை, 10 வருஷம். ஒரு முறைக்கு ரூ.160.
• அதே அரை கேன்வாஸ் பிளேஸர், வருஷத்துக்கு 3 முறை மட்டும். 10 வருஷத்தில் 30 முறை. ஒரு முறைக்கு ரூ.533.

இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, விலை அதிகமான ஷூ இந்தக் கணக்கில் ஜெயிக்கவில்லை. அதை வாங்கினால் நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை. காலுக்குப் பழகி அமையும் தோலுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு ஜோடியைக் குப்பையில் போடாமல் இருப்பதற்கும், பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்கும் கூடுதலாகத் தருகிறீர்கள். அது நியாயமான காரணம்தான். சேமிப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு, எத்தனை தடவை போடுகிறீர்கள் என்பதுதான் விலையைவிடப் பெரிய எண். கல்யாணத்துக்கு மட்டும் கோட் போடுகிறவருக்கு முழு கேன்வாஸ் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று நாள் போடும் சட்டைக்கும் ஷூவுக்கும் முதலில் செலவழியுங்கள்.

எதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்?

தொழிற்சாலையிலேயே கிழித்து, தேய்த்து, வெளிறவைத்த ‘விண்டேஜ் வாஷ்’. உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஆயுளில் ஒரு பங்கை அங்கேயே செலவழித்துவிட்டார்கள். பழைய எழுத்துருவில் லோகோ போட்ட டி-ஷர்ட். ‘ஹெரிடேஜ்’, ‘ஆர்டிசனல்’ போன்ற சொற்கள். எந்த ஊர், எந்தத் தறி, எந்தத் தோல் என்று சேர்த்துச் சொல்லாதவரை அவற்றுக்கு மதிப்பில்லை.

வட்டியில்லா இ.எம்.ஐ.யும் இதில் சேரும். பல சமயம், மொத்தமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடிதான் அந்த வட்டி. செயலாக்கக் கட்டணமும் தனியாக இருக்கலாம். முதல் வேலையில் இருப்பவர் ஒரு ஜோடி பூட்ஸுக்காக ஒன்பது மாதம் கட்டிக்கொண்டிருப்பது, அந்த பூட்ஸ் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் நல்ல பேரம் இல்லை.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இதை அடுத்த ஒரு வருஷத்தில் குறைந்தது 30 முறை போடுவேனா?
2. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேனா?
3. பழுதானால் என் ஊரில் யார் சரிசெய்வார்கள்?
4. உடம்பு கூடினால் பிரித்து விட இடம் இருக்கிறதா?
5. இதே துணியை வாங்கி டெய்லரிடம் கொடுத்தால் எவ்வளவு ஆகும்?

ஐந்தாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறோம். உயரமான இடுப்பு, முன் ப்ளீட், பக்க அட்ஜஸ்டர் என்று ஒரு விண்டேஜ் பேன்ட்டுக்கு வேண்டிய எல்லாமே நம் ஊர் டெய்லர்கள் ஒரு காலத்தில் தினமும் தைத்தவைதான். போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் போதும். நான் அப்படிக் காட்டியபோது, ஐம்பதைத் தாண்டிய டெய்லர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்: ‘இதையா தம்பி புதுசுங்கிறீங்க?’

அப்பா கோட்டின் இடுப்பை அவரிடம்தான் பிரித்து விட்டேன். கூலி ரூ.400. கொப்புளம் வந்த பிளேஸரையும் காட்டினேன். கையில் வாங்கி, நெஞ்சில் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.